மூட்டுப் பூச்சியும் நாலாவது வரியும்

நாங்கள் கட்டுவதற்குப் பெயர் பூச்சி. பனி உருகி ஓடும் ஆறுகளில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறவர்கள் மண்புழுவைத் தொட மாட்டார்களாம். தூண்டில் முள்ளின் மேல் இறகும் முடியும் வைத்துக் கட்டிய பொய் இரையைத்தான் வீசுவார்கள். அந்தப் பொய் இரைகளில் கொஞ்சம் அமராவதிபுதூரில், பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது பின்முற்றப் பகுதியில், உருவாகிறது. எட்டுப் பெண்கள், எட்டு மேசைகள். மேசைக்கு ஒன்றாக, முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன வைஸ். சித்திரை வெயிலிலும் மின்விசிறி போட மாட்டோம்; போட்டால் முடியெல்லாம் பறந்துவிடும். நான் கட்டுவதில்லை. வெளிநாட்டுக்காரர் அனுப்பும் ஆங்கிலக் குறிப்பைப் படித்துச் சொல்வதும், கட்டி முடித்ததைப் பார்த்துத் தேர்வு செய்வதும் என் வேலை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் சேரும்போது கட்டணச் சலுகைக்காக வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். படிப்பு முடிந்து, சலுகையும் முடிந்து, தாள் மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கும். கேட்காவிட்டால் நானே அந்தப் பக்கம் பேச்சைத் திருப்புவேன்.

இரண்டு வருடம் சேவல் இறகும் முயல் முடியும் வைத்துச் சிறு பூச்சிகள்தான் கட்டினோம். போன ஆவணியில் முதலாளி ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே விரல் நீளத்தில் மூன்று மாதிரிப் பூச்சிகள். மீன்குஞ்சு மாதிரி. முன்பாதி ஒரு கம்பி, பின்பாதி ஒரு முள், இரண்டையும் சேர்க்க மெல்லிய கம்பி வளையம், வளையத்தில் இரண்டு பாசிமணி. தண்ணீரில் இழுத்தால் நடுவில் வளைந்து நெளிய வேண்டும் என்பதற்காக அந்த மூட்டு.

"இதுக்கு வெளியூர்லேருந்து பழகின ஆளுகளைக் கூட்டியாரலாம்னு பாக்குறேன்" என்றார். அப்படி வந்தால் எங்கள் பெண்களின் மேசைகள் அவர்களுக்குப் போய்விடும். எட்டுப் பேரில் ஒருத்தியான அம்மாவும் மற்றவர்களும் மறுபடி பூக்கட்டவும் களையெடுக்கவும் போக வேண்டியதுதான்.

"வேண்டாம் சார். எங்கம்மா இருபது வருசம் பூக்கட்டுனவுக. கட்டுறதுக்கு எங்க பொம்பளைகளுக்கு ஆளு வந்து சொல்லித் தரணுமா?"

"சரிம்மா. நீதான் பொறுப்பு."

அந்தப் பொறுப்பை நான் மிகவும் விரும்பித்தான் வாங்கிக்கொண்டேன்.

பெட்டியிலிருந்த சரக்கு எங்களுக்குப் புதிது. இறகு இல்லை, ரோமம் இல்லை. எல்லாம் செயற்கை இழை. வெள்ளை, வெள்ளி, கருநீலம், கிளிப்பச்சை. எங்களோடு கட்டுகிற எதிர்வீட்டு அத்தை ஒரு கொத்தை எடுத்துத் தன் கொண்டையோரம் வைத்துப் பார்த்தாள். "மதினி, எந்தக் கெழவி சவுரியோ அவுத்துட்டு வந்திருக்காக. இன்னும் எண்ணெ வாசம் போகலை" என்று அம்மாவிடம் சொன்னாள். பூச்சிக்குக் கண்களை ஒட்டுவதற்கு ஒரு பசை இருந்தது. நீல டார்ச்சைக் காட்டினால் சில நொடிகளில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். வெளிச்சம் நன்றாக வருகிறதே என்று முதல் நாள் முற்றத்தோரம் மேசைகளைப் போட்டோம். வெயில் பட்டுப் பசை குச்சியின் நுனியிலேயே இறுகிப்போனது. அன்று மத்தியானமே எல்லா மேசையையும் உள்ளறைக்கு இழுத்தோம்.

குறிப்புத்தாளை எல்லோருக்கும் நின்றபடி படித்துக் காட்டினேன். நாலாவது வரி இப்படி இருந்தது: இந்த இழை நனைந்தாலும் ஒட்டிக்கொள்ளாது, ஆகவே மிகக் குறைவாக வையுங்கள், மூட்டைச் சுற்றி ஒன்றும் வேண்டாம், கம்பி வெளியே தெரியட்டும்.

அதை வாய்விட்டுப் படிப்பதற்கு முன்னால் அம்மா மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னத்தா இது, சீக்குக் கோழியாட்டம் இருக்கு. நாரு தெரிஞ்சா அது ஒரு கட்டா?"

பூக்கட்டுகிறவளுக்கு நார் தெரிவது அவமானம். இடைவெளி விட்டுக் கட்டினால் கடைக்காரன் வாங்க மாட்டான், வாங்கினவள் தலையில் வைக்க மாட்டாள். இறகுப் பூச்சியிலும் அந்தக் கை எங்களுக்கு உதவியிருந்தது. இறகு நனைந்தால் மெலியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வைப்பதுதான் சரி. அந்த மாதிரியைப் பார்த்தபோது எனக்கும் ஒரு கஞ்சன் கட்டியதாகத்தான் தோன்றியது. சரக்கை மிச்சம் பிடிக்கச் சொல்கிறான் போலிருக்கிறது, எங்கள் கைத்திறனைக் காட்டினால் வாயடைத்துப் போவான் என்று நினைத்தேன். மூன்றாவது வரியிலிருந்து ஐந்தாவதுக்குப் போனேன். பிறகு, "நல்லா நெருக்கமாவே கட்டுங்க" என்று நானாகவும் ஒன்றைச் சேர்த்தேன்.

கட்டி முடித்தவை அழகாக இருந்தன. மூட்டு இருக்கும் இடமே தெரியாமல், கொழுகொழுவென்று, கதம்பச் சரம் மாதிரி. எல்லாவற்றையும் தேறியது என்று நானே எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. கூடவே முதலாளியின் போனுக்கு ஒரு சின்ன வீடியோ. தெளிந்த தண்ணீரில் இரண்டு பூச்சிகள் போகின்றன. அவர்களுடைய மாதிரிப் பூச்சி நெளிந்து போகிறது; எங்களுடையது அளவுகோல் மாதிரி நேராகப் போகிறது. பத்து நாளில் புதிதாகக் கட்டி அனுப்ப வேண்டும், அதுவும் சரியில்லையென்றால் வெளியூர் ஆட்கள்தான் என்றார் முதலாளி. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் அப்படிப் போகிறது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று வருடம் இயற்பியல் படித்தவள். மூட்டைச் சுற்றி இழையைத் திணித்தால் அது எப்படி மடங்கும்? ஆனால் உள்ளறைக்குப் போய் நான் சொன்னது வேறு. "இப்ப அவுகளுக்குக் கொஞ்சம் மெலிசா வேணுமாம்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றாள் அம்மா.

"நெலையில்லாத ஆளு போலருக்கு மதினி. இன்னைக்கி மெலிசுங்கிறான், நாளைக்கிக் குண்டுங்கிறான். நாம பாட்டுக்கு நடுவாந்தரமாக் கட்டி வப்போம். எப்படி மாறினாலும் ஒத்துப்போகும்" என்றாள் அத்தை.

அப்படித்தான் கட்டினார்கள். இரண்டு நாளாகக் கட்டியதில் ஒன்றுகூட மடங்கவில்லை. இன்னும் குறையுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டிக்கொண்டே நாலு இழையைக் குறைத்தார்கள். அவர் புத்தி மாறுகிறவர் என்று நான்தான் அவர்களை நம்பவைத்திருந்தேன். நம்புகிறவர்கள் எதற்காக முழுசாக மாற வேண்டும்?

நான் உண்மையைச் சொல்லாமல் இந்தப் பூச்சி நீந்தாது என்பது மூன்றாம் நாள் காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் தொங்கும் அந்தத் தாளைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகு குறிப்புத்தாளை எடுத்து நாலாவது வரியை மட்டும் படித்தேன். தமிழில் சொன்னேன். "இது அன்னைக்கே இருந்துச்சு. நான்தான் படிக்காம விட்டேன்."

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன் புள்ள, எழுத்து பொடிசா இருந்துச்சோ?"

"இல்லத்தை. நமக்குத் தெரியாததையா அவுக சொல்லப் போறாகன்னு நெனச்சேன்."

"அட, அந்த நெனப்பு எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே இருக்கே. அதுக்கா உன்னை அம்புட்டு வருசம் படிக்க வச்சாக?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வைஸில் இருந்த முள்ளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "அந்த ஆளை ரெண்டு நாளா வைஞ்சுட்டேன்" என்றாள். அதை விரலில் உருட்டிக்கொண்டே, "எனக்குத் தண்ணியில போட்டுக் காட்டு" என்றாள்.

"வீடியோ இருக்குல்லம்மா."

"போனுல என்னத்தையும் காட்டலாம். தண்ணியில காட்டு."

இரண்டு வருடமாகக் கட்டுகிறோம். ஒரு பூச்சியைக்கூட நாங்கள் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊருணி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் குடிதண்ணீர், கால் நனைக்கவே விடமாட்டார்கள், இதில் தூண்டிலாவது. ஆகவே அம்மாவும் அத்தையும் நானும் கண்மாய்க்குப் போனோம். முதலாளியைக் கேட்காமல் ஒரு மாதிரிப் பூச்சியின் முள் நுனியைக் குறட்டால் வெட்டியிருந்தேன். அம்மா கட்டியதிலும் வெட்டினேன்.

கரையில் நின்று நைலான் நரம்பை அவிழ்ப்பதற்குள் மீன் குத்தகை எடுத்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "என்னக்கா, பட்டப்பகல்ல தூண்டி போடுறீக? யாரைக் கேட்டீக?"

"முள்ளு இல்லாத தூண்டிக்கு எதுக்குண்ணே குத்தகை? உங்க மீனு வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பட்டும், ருசி எப்படின்னு கேக்கத்தான் வந்தோம்" என்றாள் அத்தை.

அவர் பூச்சியை வாங்கி நுனியைத் தடவிப் பார்த்தார். பிறகு போகவும் இல்லை. இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார்.

முதலில் அம்மா கட்டியதை வீசி, விட்டுவிட்டு இழுத்தேன். மதகுப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. நேராக வந்தது. அழகாக, கொழுகொழுவென்று, நேராக. அடுத்து மாதிரியை வீசினேன். இழுப்பை நிறுத்தியதும் முன்பாதி நின்றது, பின்பாதி நிற்காமல் பக்கவாட்டில் சுழன்று வந்தது. மறுபடி இழுத்தால் மறுபக்கம். கையில் நோஞ்சானாக இருந்தது தண்ணீருக்குள் உப்பி, ஒரு குஞ்சுமீன் பயந்து ஓடுகிற மாதிரி ஓடியது.

"இது உசுரு. மத்தது கட்டை" என்றார் குத்தகைக்காரர், யாரும் கேட்காமலேயே.

மூன்றாவது இழுப்பில் கீழிருந்து ஒரு விரால் எழும்பி அதைக் கவ்வியது. நரம்பு என் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரு கணம்தான்; முள் இல்லாததால் விட்டுவிட்டுப் போனது. நான் கத்திவிட்டேன் என்று அத்தை பிறகு சொன்னாள்.

"முள்ள வெட்டிட்டு வந்துல்ல வித்தை காட்டுறீக" என்று குத்தகைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. மதகுப் படியில் உட்கார்ந்து, தான் கட்டிய பூச்சியை நகத்தால் பிய்க்க ஆரம்பித்திருந்தாள். மூட்டைச் சுற்றியிருந்த இழைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். கம்பி தெரிந்தது. பாசிமணி தெரிந்தது. அதற்கப்புறமும் இழுத்தாள். இருபது வருடம் நாரை மறைத்த கை அது. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்தாள். "இப்பப் போடு" என்று நீட்டினாள்.

போட்டேன். நெளிந்தது.

மீதி ஒரு வாரத்தில் எட்டுப் பேரும் அப்படியே கட்டினார்கள். கட்டியதையெல்லாம் தேறியது என்று எழுதும் முன் ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் முக்கி ஆட்டிப் பார்த்தேன். இப்போதும் அப்படித்தான்.

பதில் வந்தபோது முதலாளி தாளை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். மாதிரி சரியாக இருக்கிறது, இனி இதே கைகள் கட்டட்டும், கண்களை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி ஒட்டுங்கள் என்று எழுதியிருந்தது. நான் படித்து முடித்ததும் உள்ளறையில் பெருமூச்சும் சிரிப்புமாக ஒரே சத்தம். அம்மா மட்டும் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போனாள்.

"ஏழு வரி இருக்கு. நீ ஆறுதான் சொன்ன."

"கடைசி வரி எழுதுனவுக பேரும்மா."

"சரி, அதையும் படி."

படித்தேன்.