கம்பி சாய்ந்த பக்கம்

மார்லிஸ் ட்வைட் தன் புருஷனைக் கட்டிக்கொண்டதே அவன் துப்பாக்கிக் குழலில் வெட்டிய திருகுமரையைக் குறை சொல்லித்தான். அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவனுடைய துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து, "இதை என்ன, பல்லால கடிச்சா வெட்டின?" என்று கேட்டாளாம். ஆரின் திரும்ப வெட்டிக் கொடுத்தான். அதையும் திருப்பினாள். கடைசியில் குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் போனதால் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மிசல்ஷெல் ஆற்றங்கரை முழுக்கச் சொல்வார்கள். அந்தக் கரையில் சொல்வதை முழுக்க நம்பிவிடக் கூடாது. கொடியில் காயப்போட்ட சட்டையைக் காற்று அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு தேர்தலில் ஜெயித்தான் என்றும் சொல்வார்கள். ஆனால் மரை விஷயம் நிஜம்.

கல்யாணமான நாளிலிருந்து கடையில் ஒரே சட்டம்: வெட்டினவர் சோதிக்கக் கூடாது. ஆரின் லேத்தில், வெடிச் சத்தத்தை அடக்கும் சைலன்சரைத் திருகி மாட்டக் குழலின் முனைக்கு மரை வெட்டுவான். மார்லிஸ் பார்ப்பாள். துப்பாக்கி காலிதானா என்று முதலில் இரண்டு தடவை பார்ப்பாள். பிறகு மரைப் பல்லில் நகத்தை ஓட்டிப் பிசிறு தேடுவாள். அளவு வளையத்தைத் திருகுவாள். கடைசியாக சைலன்சரை மாட்டி, அதன் வாய் வழியே நேரான எஃகுக் கம்பி ஒன்றைக் குழலின் துளைக்குள் இறக்குவாள். கம்பி வாய்க்கு நட்டநடுவில் நின்றால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டும் அந்தப் பக்கம்தான் போகும். சைலன்சருக்குள் இருக்கும் தட்டுகளில் இடித்து இரும்பைப் பிய்த்துக்கொண்டு வரும். அப்போது பக்கத்தில் நிற்பவர் தலையெழுத்து.

அந்த இலையுதிர் காலத்தில் இடுப்பு எலும்பை மாற்றிக்கொள்ள பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் மார்லிஸ். வாக்கரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது மேசைமேல் ஆட்டுப்பண்ணை டேலின் துப்பாக்கி மட்டும் இருந்தது.

"மத்ததெல்லாம் எங்க?"

"குடுத்தாச்சு. மூணு பேர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரு பாத்தா?"

"நான்தான். உன் இடுப்பு ஆறுற வரைக்கும் மான் வரிசையில நிக்குமா?"

மார்லிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். வசந்த காலத்திலிருந்தே அவன் காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளைப் பார்க்கும்போது கோழி மாதிரி முகத்தைப் பக்கவாட்டில் திருப்புகிறான். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் இருந்தாள். இப்போது அவள் கண் படாத மூன்று மரைகள் ஊருக்குள் திரிகின்றன.

மறுநாள் டேல் வந்தான். சைலன்சருக்கான அரசாங்க அனுமதிக்காக அவன் காத்திருந்த காலத்தில் ஒரு யானையே குட்டி போட்டிருக்கும்.

"வந்துருச்சு மேடம்! மாட்டிக் குடுங்க. கயோட்டி நரிங்க என் ஆட்டையெல்லாம் விருந்து வச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. நான் சுட்டா நாய் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குது, என் பொண்டாட்டி திட்றது மட்டும் காதுல தெளிவா விழுது."

"அதுக்கு சைலன்சர் கிடைக்காதுப்பா" என்றான் ஆரின். டேல் சிரித்தான்.

மார்லிஸ் அவன் துப்பாக்கி காலிதான் என்று பார்த்துவிட்டு மரையில் நகத்தை ஓட்டினாள். பிசிறு இல்லை. வளையம் சரியாக ஏறியது. சைலன்சரை மாட்டிக் கம்பியை இறக்கினாள். கம்பி வாயின் ஒரு விளிம்பை ஒட்டி நின்றது.

"கம்பி வளைஞ்சிருக்கும்" என்றான் ஆரின், பார்க்காமலே.

கம்பியை எடுத்துக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினாள். பிசகில்லாமல் உருண்டு ஓடியது.

"ஆரின், எதை வச்சு மையம் பிடிச்ச?"

அவன் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வெளிப்பக்கத்தை வச்சு."

மார்லிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழலின் வெளிப்பக்கம் ஒன்று சொல்லும், உள்ளே துளை வேறொன்று சொல்லும். இரண்டும் ஒரே மையத்தில் இருக்கும் என்று எவனும் சத்தியம் செய்ய முடியாது. குண்டு போவது துளை வழியாக. துளைக்குள் முள் வைத்த அளவுகருவியான டயல் கேஜை விட்டு, முள் அசையாமல் நிற்கும்வரை குழலைத் திருத்தித்தான் மரை வெட்ட வேண்டும். இதை அந்தக் கடையில் புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவனே ஆரின்தான்.

"முள்ளு தெரியல மார்லிஸ்" என்றான். "நடுவுல ஒரு சாம்பல் பொட்டு. எங்க பாத்தாலும் அங்க வந்து உக்காந்துக்குது. வெளிப்பக்கம்னா விரல் வச்சுப் பாத்துக்கலாமேன்னு..."

டேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மார்லிஸ் போனை எடுத்தாள். முதல் ஆள் இன்னும் சைலன்சரே வாங்கவில்லை. இரண்டாவது ஆள் துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்திருந்தான், கொண்டுவருகிறேன் என்றான். மூன்றாமவன் லைல் ஹெக்ஸ்டாட் எடுக்கவில்லை. மனைவி நோராவோடு எல்க் மான் வேட்டைக்கு மலைக்குப் போய்க் கூடாரம் அடித்திருக்கிறான் என்றும், அங்கே போன் வேலை செய்யாது என்றும் அவன் அண்ணன் சொன்னான்.

"நான் ஓட்டுறேன்" என்றான் டேல்.

டிரக்கில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். குலுக்கும்போதெல்லாம் புது இடுப்பு உயிரை எடுத்தது. "அவன் சுடும்போது நோரா பக்கத்துலதான் படுத்திருப்பா, பைனாகுலரோட" என்று ஒரு தடவை ஆரின் சொன்னான். டேல் வேகத்தைக் கூட்டினான்.

மலைச் சரிவில் பைன் மரத்தடியில் லைலும் நோராவும் படுத்திருந்தார்கள். லைலின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்தியிருந்தது. டேல் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. கீழே புல்வெளியில் நின்ற எல்க் கூட்டம் மரங்களுக்குள் பாய்ந்து மறைந்தது.

லைல் எழுந்து ஓடி வந்தான். "உனக்குப் பைத்தியமாடா! இந்த ஒத்த மானுக்காக வருஷம் பூரா காத்துக்கிட்டு இருந்தேன்டா!"

"திட்டுறத அப்புறம் திட்டு. துப்பாக்கியக் காலி பண்ணிக் குடு" என்றாள் மார்லிஸ்.

டிரக்கின் பின்பலகையில் வைத்துக் கம்பியை இறக்கினாள். நோரா குனிந்து பார்த்தாள். ஆரின் முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் துழாவிக்கொண்டிருந்தான்.

கம்பி நட்டநடுவில் நின்றது.

"நடுவுல நிக்குது" என்றாள்.

ஆரின் பின்பலகையில் ஓங்கித் தட்டினான். "பாத்தியா! பாத்தியா கிழவி! கை மறக்கல. டேலோடது ஏதோ ஒண்ணு தப்பிருச்சு. நீ பக்கத்துல நின்னு பாத்தா நான் இன்னும் பத்து வருஷம்..."

"இந்தக் குழல்ல உள்ளயும் வெளியயும் ஒண்ணா அமைஞ்சிருக்கு ஆரின். அது குழல் செஞ்சவன் புண்ணியம். உன்னோடது இல்ல."

ஆரின் தானாகவே தடவித் தடவி டிரக்கில் ஏறி உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் மார்லிஸ் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், லேத்துக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றினாள். அடுப்பங்கரைக்கு வந்து காப்பி போட்டாள். கடையில் கதவு திறந்தது. ஸ்விட்சை அழுத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒருமுறை.

"மார்லிஸ், கரன்ட் போயிருச்சா?"

அவள் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கடைவாசல்வரை விழும். அதுகூடத் தெரியாத அளவுக்கு அவன் கண் இன்னும் கெட்டுவிடவில்லை.

"இல்ல" என்றாள்.