திரையின் நெற்றியில் ஒரு பொட்டு

என் தங்கைக்குக் காது கேட்காமல் போய் வெகு நாளாகிறது. ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். எனக்கோ கண் மங்கல். போனில் அவள் முகம் புளியங்கொட்டை அளவுதான் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மருமகள் தன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைப்பாள். நான் குரல் விடாமல் உதட்டை மட்டும் அசைப்பேன். அதைப் பார்த்துத் தங்கை வாய்விட்டுப் பதில் சொல்வாள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு இந்த வயதிலும் கூச்சம். இந்தச் சத்தமில்லாத பேச்சு ஒன்றுதான் பயமில்லாமல் வரும்.

போன நவராத்திரியின்போது அவளுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று முடிவானது. விஜயதசமி அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அதற்கு முன்னால் ஒரு தடவை முகம் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் சொல்லி வைத்திருந்தோம்.

எங்கள் வீட்டில் பூஜை வைப்பதை விட்டதில்லை. புத்தகங்கள், மகனுடைய தராசுப் படிக்கற்கள், என் அரிவாள்மனை எல்லாம் பலகையில் ஏறும். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை யாரும் தொடக் கூடாது. சோறு போடுகிற சாமான் அல்லவா என்று மருமகள் லேப்டாப்பையும் கொண்டுவந்து கொடுத்தாள். புத்தகத்துக்குள் ஒரு பூவும் மஞ்சள் கிழங்குத் துண்டும் வைத்து மூடுவது எங்கள் வழக்கம். இதுவும் புத்தகம் மாதிரித்தானே திறந்து மூடுகிறது? தெச்சிப்பூவும் மஞ்சளும் உள்ளே வைத்தேன். திரையின் மேல் ஓரத்தில், நடுவாக, நெற்றி என்று மனசுக்குப் பட்ட இடத்தில் சந்தனப் பொட்டு இட்டேன். மூடினேன். மகன் அதன்மேல் படிக்கற்களை அடுக்கினான்.

விஜயதசமி காலையில் மருமகள் திறந்து பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் இருந்த இடத்திலிருந்து கறுப்பு பரவிக் கிடந்தது, குளத்தில் மை கொட்டினாற்போல. அதைச் சுற்றிப் பச்சையும் ரோஜா நிறமுமாக மெல்லிய கோடுகள். அழகாகக்கூட இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்குள்ளிருந்துதான் தங்கை வர வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

மருமகள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பழைய யூதர் தெருவான ஜூ டவுன் போகிற வழியில் இருக்கும் ரிப்பேர் கடைக்கு நடந்தாள். மழை விட்டிருந்தது. மண்டிகளின் சுக்கு வாசனை ஈரத்தில் தாழ்ந்து தெருவோடு கூடவே வந்தது.

கடைக்காரர் மலையாளி. திரையைப் பார்த்தபடியே மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே விழுந்து வருவதுதான் அதிகமாம். சிலதில் மடிக்கிற இடத்து ஒயர் தேய்ந்து, திறக்கும் சாய்வுக்குத் தக்கபடி படம் வந்து வந்து போகுமாம். ஒயரை மாற்றினால் சரியாகிவிடும். காயல் ஈரம் ஏறி உள்விளக்கு அணைந்துபோவதும் உண்டு. அப்போது படம் போகாது, டார்ச் அடித்தால் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல மங்கலாகத் தெரியும் என்றார். எங்களுடையதும் அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசையாக இருந்தது. தண்ணீருக்கு அடியில் என்றாலும் தங்கை முகம் தெரியுமே.

அவர் கீபோர்டு இடுக்கிலிருந்து நசுங்கிய பூவிதழை ஊசியால் எடுத்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அம்மே, இது லேப்டாப்போ சாம்பாரோ? மஞ்சளும் உண்டல்லோ."

நான் மருமகள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

திரை உள்ளே நொறுங்கினால் ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். வேறொன்றிலிருந்து கழற்றிய பழைய திரை அவர் கையில் இருந்தது, அளவு பொருந்தவில்லை. புதியது எறணாகுளத்திலிருந்து வர வேண்டும், இன்றைக்கு நடக்காது. மருமகள் தங்கையின் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். போனது திரை மட்டும்தான், மெஷினுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு ஒயரை எடுத்து, லேப்டாப்பைக் கடைச் சுவரில் இருந்த டிவியோடு சேர்த்தார். எங்கள் வீட்டுப் பழைய பெட்டி டிவியில் அந்த ஒயரைச் செருக இடமே கிடையாது, அதனால் மருமகள் அங்கிருந்தே தங்கையை அழைத்தாள்.

சுவர் முழுக்க என் தங்கை வந்தாள். அவ்வளவு பெரிதாக அவளைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் கண் எங்கேயோ துழாவியது.

"அக்கா, நீ எங்க? ஒண்ணுமே காணலையே. ஒரே மஞ்சளா கெடக்கு."

கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் உரக்கப் பதில் சொன்னார்கள். அவளுக்கு என்ன கேட்கும்? உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தேன். அவள் முகம் சுருங்க ஆரம்பித்தது.

கடைக்காரர் குனிந்து திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஈரத் துணியால் மெல்லத் துடைத்தார்.

"கேமராவுக்கே பொட்டு வெச்சாச்சு."

தங்கையின் முகம் மலர்ந்தது. லேப்டாப்பை டிவிக்குக் கீழே ஸ்டூலில் வைத்தார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் சாயா கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தைரியமாகப் போய் வா என்றேன், இன்னும் சிலதும் சொன்னேன். பக்கத்தில் நின்ற மருமகளுக்குக்கூடக் கேட்கவில்லை. தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"அக்கா, உனக்குப் பின்னால நம்ம தெருவா? கொஞ்சம் திருப்பச் சொல்லேன்."

ஒயர் எட்டுகிற மட்டும் கடைக்காரர் லேப்டாப்பை வாசல் பக்கம் நகர்த்தினார். நனைந்த தெரு. இஞ்சி மூட்டையோடு ஒரு கைவண்டி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. சுவரில் தங்கை கண் இமைக்காமல் பார்த்தாள். பின்னாலிருந்து அவள் மகன் தோளைத் தொட்டான், நேரமாகிவிட்டது.

"இருடா," என்றாள். "அந்த வண்டி போகட்டும்."