அவர் தொடாத சுவர்

புதிதாக எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கணவர் முதலில் வலது கையின் புறத்தைச் சுவரில் வைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு நொடி வைத்து எடுப்பார். இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் மகள் பிறந்த அன்று பிரசவ வார்டுக்குள் வந்தவர், என்னையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டுவிட்டு, "இந்தப் பக்கம் ஓதம் ஏறியிருக்கு, கட்டில தள்ளிப் போடச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகுதான் "என்ன குழந்தை?" என்று கேட்டார். நர்ஸ் அதைப் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அவர் பெயிண்டர். உள்ளங்கை தின்னரிலும் உப்புத்தாளிலும் காய்த்துப்போய்விட்டது, அதற்குச் சூடு குளிர் ஒன்றும் தெரியாது, புறங்கைக்குத்தான் சுவர் பேசுவது கேட்கும் என்பார்.

கல்லூரிகள் இருக்கும் பக்கத்தில் மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள்தான் அவருடைய பிழைப்பு. பரீட்சை முடிந்து ஒரு கூட்டம் காலி செய்து போகும். அடுத்த கூட்டம் வர ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் ஆணி அடித்த ஓட்டை, டேப் பிய்த்த இடம், யாரோ கட்டிலில் படுத்தபடி சுவரில் போட்ட கணக்கு, எல்லாவற்றையும் பட்டி பார்த்து மூடி, வெள்ளை அடித்துப் புது வீடாக்கிவிட வேண்டும். அந்த ஒன்றரை மாதம்தான் எங்களுக்குப் பாதி வருடச் சாப்பாடு. அதிலும் பெரும்பகுதி ஒரே அம்மாவின் வீடுகள். அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பதினோரு வீடுகள்.

இவருக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் காதில் ஏறாது. பச்சை கேட் வீடு, நாய் வீடு, ஏணி நுழையாத மாடி, இப்படித்தான் சொல்வார். கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாரும் அப்படித்தான். "நாளைக்கு ஏணி நுழையாத மாடிக்கு வந்துருங்க" என்று போனில் சொன்னால் அவரவர் சாமானோடு சரியாக வந்து நிற்பார்கள். அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது.

எங்கள் மகளுக்குக் கல்லூரி போக வர இரண்டு பஸ். முதல் வருடம் எப்படியோ சமாளித்தாள். இரண்டாவது வருடம், தோழி ஒருத்தியோடு சேர்ந்து பக்கத்திலேயே வீடு எடுக்கிறேன் என்று நின்றாள். அந்தத் தோழி சட்டம் படிக்கிறவள். அவளை என் மகள் 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேரும் மூன்று வாரம் அலைந்து ஒரு வீட்டைப் பிடித்துவிட்டார்கள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் போனை நீட்டினாள்.

அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "யாருடா இவன், நல்ல கைக்காரனா இருக்கானே! சீலிங் ஓரம் பாரு, நூல் பிடிச்ச மாதிரி வெட்டியிருக்கான்."

"அப்பா, நான் ரூமைப் பாருங்கன்னா நீங்க பெயிண்ட்டப் பாக்குறீங்க."

"பெயிண்ட்டு சுத்தமா இருந்தா வீடும் சுத்தமாத்தான் இருக்கும் பாப்பா."

இதை யார் சொன்னாலும் சொல்லலாம், இவர் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னார். வருடத்துக்கு முப்பது அறைக்கு வெள்ளை அடிக்கிறவருக்கு, போனில் பார்த்தால் எல்லா அறையும் ஒன்றுதான்.

ஒப்பந்தத்தில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் கிளம்பிப் போனோம். மகள் முன்னால் ஓடினாள். குறுகலான சந்து, அதன் முடிவில் ஒரு மாடிப்படி. பாதியில் சட்டென்று வளைகிற படி. வளைவில் இவர் நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பியைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்:

"ஏம்மா, இது நம்ம ஏணி நுழையாத மாடி."

மேலே போனால் அந்த வீட்டுக்காரம்மாவே உட்கார்ந்திருந்தார். "அட பெயிண்டரே! உங்க பொண்ணா இது? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அப்போ அந்த நல்ல கைக்காரன் நீங்கதானா அப்பா?" என்று மகள் கைகொட்டிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பெண்கள் இரண்டு பேரும் வீட்டைச் சுற்றி வந்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள். சுவிட்சுகளைப் போட்டு அணைத்தார்கள். எந்த மூலையில் போனுக்கு சிக்னல் வருகிறது என்று கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறையின் நடுவில் நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. சுவரைத் தொடவில்லை.

எனக்கு அப்போது நினைவு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏணி நுழையாத மாடியில பாத்ரூமுக்கும் உள்ளறைக்கும் நடுச் சுவத்துக்குள்ள பைப் கசியுது. ஒடச்சுப் பாக்கணும்னு சொன்னேன். இப்ப நேரமில்ல, மேலே அடிச்சு விட்டுருங்கன்னுட்டாங்க. ரெண்டு கோட் போட்டு மூடிட்டேன். நாலு மாசம் தாங்கும்." அப்புறம் என்று கேட்டேன். "அப்புறம் குடியிருக்கிறவங்க பாடு" என்றார்.

இப்போது அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மகள், "என் கட்டில் இங்க" என்று கையால் அளந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் குளிர்காலத்தில் மூச்சிழுப்பு வரும்.

வீட்டுக்காரம்மா அவசரப்படுத்தினார். நாலு மணிக்கு வேறு இரண்டு பையன்கள் பார்க்க வருகிறார்களாம். மேஜையில் ஒப்பந்தம் இருந்தது, ஐந்து பக்கம், இரண்டு பிரதி. வக்கீல் ஒன்றை எடுத்து விசிறிபோலப் புரட்டினாள். "எல்லா இடத்துலயும் இருக்கிறதுதான். போட்டுரலாம்."

இன்னொரு பிரதி சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். விரல் வைத்துத்தான் படிப்பேன். எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது என்று தெரியாததால் எதையும் தாண்டுவதில்லை. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. 'இணைப்பில் உள்ள பட்டியலில் கண்ட நிலையில் வீட்டைப் பெற்றுக்கொண்டேன். காலி செய்யும்போது அதே நிலையில் ஒப்படைப்பேன். சுவர், குழாய், தரை ஆகியவற்றில் காணப்படும் சேதத்தை என் செலவில் சரிசெய்வேன்.' கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் ஒன்றும் இல்லை.

நாலு பேர் நடுவில் நான் வாய் திறக்கமாட்டேன். இவருக்கு மட்டும் கேட்கட்டும் என்று, "என்னங்க, பட்டியல்னு போட்டிருக்கு, பட்டியலக் காணோமே" என்றேன். எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"அது சும்மா பேச்சுக்குப் போடுறதும்மா" என்றார் வீட்டுக்காரம்மா. "எல்லாம் நல்லா இருக்குன்னு ஒரு வரி எழுதிக்கிட்டாப் போச்சு."

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லாத பட்டியலுக்குக் கையெழுத்துப் போட இருந்தேனா!" என்றாள். உடனே என் மகளைப் பார்த்து, "எங்களுக்கு அந்தப் பாடம் அடுத்த வருஷம்தான்டி" என்றாள்.

"ஒரு வரி எதுக்கும்மா? நானே எழுதித் தர்றேன்" என்று இவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் காதில் பென்சில் இல்லாமல் வெளியே வரமாட்டார். ஒரு தாளை வாங்கிக்கொண்டு வாசலிலிருந்து ஆரம்பித்தார். பூட்டுக்கு ஒரே சாவி. கூடத்து ஜன்னலில் இடதுபக்கக் கொக்கி இல்லை. சமையலறைக் குழாய் இறுக மூடினாலும் சொட்டுகிறது. வாசற்படி அருகே ஒரு டைல் விரிசல். ஃபேன் மூன்று, ஒன்று மட்டும் மெதுவாகச் சுற்றாது, சுற்றினால் பறக்கும். மீட்டரில் இன்று இருக்கும் எண்ணையும் குறித்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா அதுவரை சிரித்த முகமாகத்தான் பின்னாலேயே வந்தார்.

உள்ளறைக்கு வந்ததும் பென்சில் நின்றது. இந்தச் சுவரை எழுதினால் பதினோரு வீடும் போகலாம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையைத் திருப்பி, புறத்தைச் சுவரில் வைத்தார். வழக்கமான ஒரு நொடி இல்லை, நிறைய நேரம்.

"இந்தச் சுவர் ஈரம். உள்ளே பைப் கசியுது. மூடி அடிச்சது நான்தான்."

சொல்லிவிட்டு நகத்தால் ஓர் இடத்தில் கீறினார். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு கையோடு வந்தது. நாலு மாதம் தாங்கும் என்று சொன்னதுகூட அதிகம்தான்.

"என்ன பெயிண்டரே, என் வீட்டுல நின்னுக்கிட்டு எனக்கே இப்படிப் பண்றீங்க?"

"உங்க வீடுதாம்மா. படுக்கப்போறது என் பொண்ணு."

"அப்படியா! அன்னைக்கு அடிக்கும்போது படுக்கப்போறது ஊரார் பொண்ணா இருந்துச்சு, வாய் அடைச்சிருச்சு. இன்னைக்குத் திறந்துருச்சாக்கும்!"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொல்றது நிசம்மா. அன்னைக்கே அடிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அந்த இடத்தில் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருந்தால் எனக்கு அவர்மேல் வருத்தம் இருந்திருக்கும்.

மகளின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இந்த வீடு வேண்டாமாப்பா? மறுபடி அலையணுமா?"

"யாரு சொன்னா? வீடு நல்ல வீடு. காத்து வருது, வெளிச்சம் வருது, கீழே ஆளுங்க இருக்காங்க. ஒரு பைப்தான் கெட்டுப்போச்சு. அத மாத்தினா நூறு வருஷம் நிக்கும்."

வீட்டுக்காரம்மா அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒடச்சா அந்தப் பூப்போட்ட டைல் இப்ப கிடைக்காது பெயிண்டரே. அதுக்குத்தான் தள்ளிப் போட்டேன்."

"நாலு டைல் வேற கலர்ல இருந்துட்டுப் போகட்டும்மா. பாத்ரூம்ல யாரு பாக்கப்போறா? சோப்புதான் பாக்கும்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பையன்கள் வந்தாலும் இதே சுவரை ஒரு நாள் கீறத்தான் போகிறார்கள் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வக்கீல் பட்டியலைப் பேனாவால் நல்ல எழுத்தில் இரண்டு பிரதி எழுதினாள். பைப்பை வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்குள் தம் செலவில் மாற்ற வேண்டும், அந்தச் சுவருக்கு இந்தப் பெண்கள் பொறுப்பல்ல, ஒருத்தி நடுவில் காலி செய்தால் மற்றவள் தன் பங்கு வாடகை மட்டும் தந்தால் போதும் என்றும் சேர்த்தாள். கடைசியாகச் சொன்னது அவளே யோசித்தது. அதற்கு மட்டும் வீட்டுக்காரம்மா கொஞ்சம் வாதாடினார், பிறகு விட்டுக்கொடுத்தார். சாட்சியாக என்னைப் போடச் சொன்னார்கள். மெதுவாகத்தான் போட்டேன். நாலு மணிப் பையன்கள் படியில் காத்திருந்தார்கள்.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா இவரிடம், "அடுத்த சீசனுக்கு நானே கூப்பிடுறேன்" என்றார். அப்படிச் சொன்னால் கூப்பிடமாட்டார்கள் என்று அர்த்தம், அது எங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் இவர் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

பைப் மூன்றாம் வாரம் மாற்றப்பட்டது. அதுவரை மகள் கூடத்தில் படுத்தாள். சுவர் காய இன்னும் ஒரு மாதம் விட்டுத்தான் இவர் பெயிண்ட் தொட்டார். அடுத்த சீசனில் அந்த அம்மா நாலு வீடுகளை வேறு பெயிண்டருக்குக் கொடுத்துவிட்டார். மீதி ஏழுக்கு இவரைத்தான் கூப்பிட்டார். ஓதம் இருந்தால் இவர் இப்போது மூடி அடிப்பதில்லை. தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒழுகுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொல்லி ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

அந்த நாலு வீடுகள் திரும்பி வரவில்லை. ஏழு வீட்டு வேலையும், இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும் மற்ற வேலைகளும் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. மகள் இது இரண்டாவது வருடமாக அதே அறையில்தான் இருக்கிறாள். பாத்ரூமில் நாலு டைல் நீலம். சுவர் காய்ந்திருக்கிறது.