போட்டு வாறன்

இன்று காலை எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் உருக்கிய சீஸின் மணம் நின்றது. சுவிஸின் எம்மன்புரூக்கேயில் இது ஒன்றும் புதினமில்லை. ஆனாலும் அது மார்கிறித்தின் சமையலறை மணம். அந்தச் சமையலறை இப்போது மலைக்கு அடியில் கிடக்கிறது.

மன்னாரிலிருந்து அகதியாக வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, மலையடிக் கிராமமொன்றில் மார்கிறித்தின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவது. கிராமம் என்றால் ஒரு கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி, கறுத்த மரவீடுகள், மனிதரைவிட அதிகமாய் மாடுகள். அந்தச் சனம் வாய் திறப்பதே அபூர்வம். ஆனால் பனி கொட்டினால், கேட்காமலே உங்கள் வாசலையும் வழித்துவிட்டுப் போவார்கள். மேலே இருந்த பழைய ஊரை எப்போதோ மலை விழுங்கியதாம். தப்பியவர்கள் கீழே இறங்கிக் கட்டியதுதான் இது. மலையை அவர்கள் ‘அவன்’ என்பார்கள். “அவன் ஒருநாள் வருவான்” என்று சொல்லிவிட்டுச் சீட்டாடுவார்கள்.

முதல்நாள் வேலை முடிந்து கிளம்பும்போது, நம் வழக்கப்படி, போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில், ‘போட்டு வாறன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் டொச் எனும் ஜெர்மன் மொழியில் சொல்லி வைத்தேன். மறுநாள் மார்கிறித்தின் முகம் கடுகடுவென்றிருந்தது.

“வாறன் எண்டியே! இரவு உனக்காகச் சூப்பைச் சூடாக்கி வைச்சுக்கொண்டு இருந்தனான்.”

“போறன் எண்டு சொல்லக்கூடாது. சொன்னால் திரும்பி வரமாட்டம்” என்று அரைகுறை டொச்சில் விளக்கினேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கோழிக்கூட்டுக்குப் போனாலும் தமிழிலேயே “போட்டு வாறன்”தான். என் டொச் உச்சரிப்பைவிட மோசமில்லை.

போன வருஷம் மலை அசையத் தொடங்கியது. ஊரைக் காலிசெய்யச் சொன்னார்கள். மார்கிறித்தை ஏற்றிவர நான் வான் வண்டியோடு போனேன். பூனையையும் சீஸ் உருக்கும் சட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், கதவு நிலையைத் தட்டிக்கொடுத்து வீட்டிடம் சொன்னார்: “போட்டு வாறன்.” இடம்பெயர்ந்த அன்று, மன்னாரில் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் இதைத்தான் சொன்னா. நாங்கள் திரும்பவேயில்லை.

சில நாட்களில் மலை இறங்கியது. ஆட்சேதம் இல்லை, ஊர்தான் இல்லை. வருவதாகச் சொல்லப்பட்டவர்களில் சொல் தவறாமல் வந்தது அவன் ஒருவன்தான்.

மார்கிறித் இப்போது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், மகளோடு இருக்கிறார். போன ஞாயிறு பார்க்கப் போனேன். சட்டியைச் சுற்றிய காகிதம் பிரிக்காமல் கிடந்தது. எழும்பும்போது பழக்கதோஷத்தில் “போட்டு வாறன்” என்றுவிட்டேன்.

“என்னட்டை அதைச் சொல்லாதை” என்றார் டொச்சில், ஜன்னலைப் பார்த்தபடி. “போறன் எண்டு சொல்லு.”

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இரண்டில் எதையும் சொல்லாமல் கதவைச் சாத்தினேன்.