சாத்திக் கிடந்த கதவு

அக்கா வராமல் இருந்த நான்கு மாதமும் நான் அவளை மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது.

கூடப் பிறந்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர். வீடு அடுத்த தெரு. மூளை நரம்புகளின் மேலுறை தேயும் வியாதியால் நான் வேலையை விட்டுத் தனியாக வீட்டோடு கிடந்தபோதும், தினம் ஆறு மணிக்கு வந்து ஊர்வம்பு பேசிவிட்டுப் போவாள். ட்யூஷன் பிள்ளைகளுக்கு நடுவே அவளுக்கு ஒழிவது அந்த அரை மணிதான். நான் வாய் திறப்பதும் அப்போதுதான்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெட்டி வந்தது. மாத்திரையில்லை, ஊசியில்லை. நொடிக்கு நாற்பது தடவை துடிக்கும் வெளிச்சத்தை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும், அதே துடிப்பில் ஒரு சத்தத்தையும் கேட்க வேண்டும். வயரில் உரிந்த ரப்பர் மாதிரி தேய்ந்துபோன அந்த மேலுறையை உடம்பே திரும்பப் போட்டுக்கொள்ள இது தூண்டுமா என்று பார்க்கும் ஆய்வு. நிச்சயமில்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். சிலருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதேபோல் மினுக்கும் போலிப் பெட்டிதான் கொடுப்பார்களாம். எனக்கு வந்தது எது என்று அவருக்கே தெரியாதாம். நல்ல கூத்து.

தினமும் ஒரே நேரம், இருட்டறை, நடுவில் எழுந்திருக்கக் கூடாது. நான் ஆறு மணியை வைத்துக்கொண்டேன். அக்கா வந்தால் தட்டுவாள், உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று நினைப்பு. தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. அவள் தட்டவேயில்லை. கால் இழுக்கிறவளிடம் எத்தனை நாள்தான் வருவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். போன் பண்ணிக் கேட்க வீம்பு விடவில்லை.

போன வாரம் மத்தியானம் வந்து நின்றாள். கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு இருக்கப் போகிறாளாம். சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டதாம். இப்போதுதான் வழி தெரிந்ததாக்கும் என்று சுருக்கென்று கேட்டுவிட்டேன். அவள் முழித்தாள்.

"தெனமும் வந்தேம்ட்டீ. கதவு சாத்திக் கெடக்கும், சன்னல்ல லைட்டு இல்ல, மெழுகுவத்தி கணக்கா ஒரு மினுக்கம், முணுமுணுன்னு சத்தம். நீ சுகத்துக்குப் பொருத்தனை பண்ணி ஜெபிக்கேன்னு நெனச்சேன். ஜெபத்துல இருக்கவள யாராவது தட்டுவாவளா? நானும் படியில உக்காந்து ஒனக்காவக் கொஞ்சம் ஜெபிச்சிட்டுப் போவேன்."

எங்கள் சபைக்காரர்கள் தட்ட மாட்டார்கள்தான். பொருத்தனை என்கிற அந்த வேண்டுதல் முடிகிறவரை என்ன ஏது என்று கேட்கவும் மாட்டார்கள். எனக்குத்தான் அது தோன்றவில்லை. வியாதி வந்த நாளோடு நான் ஜெபத்தை விட்டிருந்தேன்.

அவள் என் இடது காலைப் பார்த்தாள்.

"பலன் தெரியுதாட்டீ?"

பெட்டி மேசைமேல்தான் இருந்தது. நான் காட்டவில்லை.

"கொஞ்சம் தெரியுதுக்கா," என்றேன். கால் அப்படியேதான் இருக்கிறது.

அன்று ஆறு மணிக்குக் கதவை விரியத் திறந்து வைத்து, அவள் உட்கார்ந்திருந்த படியைப் பார்த்து உட்கார்ந்து பெட்டியைப் போட்டேன். தெரு வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஆய்வு நோட்டில் அதை எழுதியாக வேண்டும். அறை இருட்டாக இல்லை என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.