இடது கை மடங்கிய சுவெட்டர்

மீனம்மா யாரிடமும் எதையும் சும்மா வாங்கியதில்லை. கோயில் அன்னதானத்தில்கூட அண்டாவைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள். கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போன புருஷன் திரும்பி வராமலே போனபோது, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் நாங்கள் கொஞ்சம் அரிசி, மாவு எடுத்துக்கொண்டு போனோம். வாசலிலேயே மறித்து, "எதுக்கு இது? என் புருசன் செத்தா போயிட்டாரு?" என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்துக் காம்பரா என்னுடையது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எத்தனையோ அழுமூஞ்சிப் பிள்ளைகளைச் சமாளித்த நான், அவள் வாய்க்கு மட்டும் பயப்படுவேன். அப்பேர்ப்பட்டவளை இந்த மாசி மாதம் நெருப்பு கொண்டுபோய் நிவாரண வரிசையில் நிறுத்திவிட்டது.

டயகமவுக்கு மேலே, முகட்டை ஒட்டி எங்கள் லயம். அதற்கப்பால் மானாப்புல்தான். மழை இல்லாத நாட்களில் எவனாவது அதில் நெருப்பு வைத்துவிட்டுப் போவான். மாட்டுக்குத் தளிர்ப்புல் வருமாம்! வழக்கமாக முகட்டோடு அணைந்துவிடும். இந்த முறை காற்று திரும்பிவிட்டது. பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றார்கள். நான் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஒரு உயிருக்கும் சேதமில்லை. லயத்தில் மட்டும் சுவர்கள்தான் மிச்சம். மீனம்மாவுக்கு உடம்பில் இருந்த சேலையும், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கும் மிஞ்சின.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். மறுநாள் கந்தப்பளைப் பக்கமிருந்து ஓர் உதவிக் குழு லொறியில் வந்தது. அரிசி, பருப்பு, பாய், அதோடு ஒரு பெரிய பெட்டி நிறையச் சுவெட்டர்கள். எல்லாமே கத்தரிப்பூ நிறம். எல்லாமே கையால் பின்னி, முன்னால் பட்டன் வைத்தவை. பாச்சை உருண்டையும் தைலமும் கலந்த ஒரே வாசனை. எதை எடுத்தாலும் இடது கை மட்டும் முழங்கையில் மடங்கியபடியே பின்னப்பட்டிருந்தது.

"இது யாரோ ஒரு ஆளோடது. செத்துப் போன ஆளு" என்றாள் மீனம்மா. தொடவே மாட்டேன் என்று விலகி நின்றாள். மலைக் குளிருக்கு வீராப்பு தெரியுமா? சாயங்காலம் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தவளுக்கு நானே ஒன்றை மாட்டிவிட்டேன். "பொதுச் சமையலுக்குப் பாத்திரம் கழுவி இதுக்கு ஈடு கட்டிருவேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

வந்தவர்கள் போகுமுன் எங்களைச் சுவெட்டரோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். பருப்புப் பாக்கெட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு எரிந்தவள் எந்த மூஞ்சியோடு சிரிப்பாள்?

அந்தச் சுவெட்டரில் கையை நீட்டினால் தோள் இழுக்கும். மடக்கி நெஞ்சோடு வைத்தால் சுகமாக இருக்கும். அதனால் எல்லோருமே இடது கையை நெஞ்சோடு மடித்துக்கொண்டு நடக்கப் பழகினோம். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது கங்காணி வீரய்யாவே தடுமாறினார். என் பிள்ளைக்காம்பராவில்தான் கூத்து. மாலையில் தாய்மார் வந்து நின்றால் பிள்ளைகள் தாயிடம் போகாது. என் காலைக் கட்டிக்கொண்டு வீரிடும். ஒரு குழந்தை மட்டும், பேச்சு வராத குழந்தை, மூடுபனிக்குள் யாருமே இல்லாத பக்கம் பார்த்துச் சிரித்துக் கையாட்டியது. பனி விலகும் வரைக்கும் அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மீனம்மா தேய்ந்துகொண்டே வந்தாள். வாய்த்துடுக்கு குறைந்துவிட்டது. ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்தக் கை ஏன் இப்பிடி எரியுது? என்னைய நெருப்புத் தொடவே இல்லையே."

"சுவெட்டர் இறுக்கமா இருக்குல்ல. ரத்தம் கட்டியிருக்கும்" என்றேன்.

"கழட்டுனாத்தான் கூட வலிக்குது. போட்டா அடங்குது." மடங்கிய கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குக்கா. இந்தச் சனியன எப்படியாச்சும் கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துரணும். நான் நானா இருந்தாப் போதும்."

கேட்டதுபோலவே ஆள் வந்தார்.

அன்று பின்னேரம், கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பிள்ளைக்காம்பராவை நோக்கி ஏறி வந்தார்கள். மேலே எரிந்த மலை. மழை பெய்யாததால் வேர்கள் இன்னும் மண்ணுக்குள் கனன்று, அங்கங்கே புகை கசிந்தது. புகை எது, பனி எது என்று தெரியவில்லை. நான் வாசலில் நின்றேன். பாலத்தடியில் தொப்பி போட்ட ஒரு வயசாளி, பஸ்ஸிலிருந்து இறங்கியவர், பெண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூப்பிட்டார்.

"சிசிலி!"

பெண்கள் அத்தனை பேரும் நின்று திரும்பினார்கள். நானும் திரும்பினேன். எங்களில் ஒருத்திக்குக்கூட அந்தப் பெயர் கிடையாது.

"என்னங்க?" என்று ஒரு குரல் கேட்டது. மீனம்மாவின் குரல். புருஷன் போன பிறகு அந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வந்தவர் பெயர் கஸ்பர். கந்தப்பளையில் மரக்கறி லொறி ஓட்டியவர். உள்ளே உட்காரவைத்துப் பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்தேன். மனைவி சிசிலி போன வருஷம் இறந்துவிட்டாராம். சுவெட்டர்களை மகள் டெல்சி, நல்ல மனதோடுதான், அப்பாவைக் கேட்காமல் கொடுத்துவிட்டாள். பிறகு யாரோ போனில் நிவாரணப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"படம் நெறைய அவதான் நிக்கிறா. அதுக்கப்புறம் சோறு எறங்கல" என்றார். "ஒண்ணே ஒண்ணு குடுங்கம்மா போதும். கடைசியா போட்டிருந்தது, கழுத்துல கறுப்புப் பட்டன் வச்சது. அது வீட்டுல இருந்தா நான் ரெண்டு வாய் தின்னுருவேன்."

கறுப்புப் பட்டன் இருந்தது மீனம்மாவின் சுவெட்டரில்தான்.

"அந்தம்மா கைக்கு என்ன ஆச்சு?" என்று மீனம்மா கேட்டாள்.

"சின்னப் பிள்ளையில லயத்துல குப்பி லாம்பு சரிஞ்சு நெருப்புப் புடிச்சிருச்சு. கை மடங்குனது மடங்குனதுதான். குளுரு பட்டா நெருப்பு வச்ச மாதிரி எரியும்பா. அதுக்காகவே பின்னிப் பின்னிப் போட்டுக்குவா."

மீனம்மா என்னைப் பார்த்தாள். அவள் மடமடவென்று பட்டன்களைக் கழற்றினாள். "எடுத்துட்டுப் போங்க. சும்மா வந்தது எனக்கு என்னைக்குமே ஆவாது."

வலது கையை உருவிவிட்டாள். கஸ்பர் வாங்குவதற்கு இரண்டு கையையும் நீட்டினார். வாசல் வழியாகப் பனி உள்ளே வந்தது. மீனம்மாவின் இடது கை, இன்னும் சுவெட்டருக்குள் இருந்த கை, வெடவெடவென்று நடுங்கியது. கஸ்பர் அந்தக் கையையே பார்த்தார். நீட்டிய கைகளை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"வேணாம்மா, கழட்டாதீங்க. அவளுக்குக் குளுரு ஆகாது."

மீனம்மா சுவெட்டரை மறுபடி மாட்டினாள். வலது கையால் மட்டும், கீழேயிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். கழுத்துப் பட்டன் மிச்சம் இருந்தது. அதைப் போடவில்லை. கஸ்பருக்கு நேரே போய், தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கிழவர் வெளிறிப்போனார்.

"அந்தப் பட்டன் மட்டும் அவளுக்கு ஒத்தக் கையால போட வராது. தெனமும் நான்தான் போட்டு விடுவேன். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே. ஒங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"சீக்கிரம் போடுங்க" என்றாள் மீனம்மா. "கை எரியுது."

கஸ்பர் போட்டுவிட்டார்.