கதவில் செய்த மேஜை

இது கதையில்லை. நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யார் காதிலும் பூ சுற்ற எனக்கு ஆசையில்லை. இது யாருக்கு நடந்ததோ அவளும் நானும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறோம். எதிரெதிர் நாற்காலி. அவள் சொல்லச் சொல்ல நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கிழமை, மணி, சத்தம் எல்லாம் அவள் சொன்னபடியே எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். இது நடந்ததெல்லாம் பட்டப்பகலில். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு.

கடையில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் உப்புத்தாள். கைப்பையைத் திறந்தால் சீப்பு இருக்காது, பவுடர் இருக்காது. மரம் தேய்க்கிற உப்புத்தாள் நாலாக மடித்து இருக்கும். அப்போது கல்யாணமாகி மூன்றே மாதம். முதல் தனிக்குடித்தனம். மூன்றாவது மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. ஆறு பேர் ஒரே அறையில் படுத்துறங்கிய வீட்டில் வளர்ந்தவள் அவள். தனக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூட இருந்ததில்லை. அதனால் இந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் தன் கைபட்டதாக இருக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

புதுச் சாமான் ஒன்றுகூட வாங்கவில்லை. எல்லாம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியதுதான். கால் ஒடிந்த ஏணி சுவரில் ஏறிப் புத்தகத் தட்டானது. தையல் மிஷினின் இரும்புக் கால்கள் மேல் ஒரு பலகையைப் போட்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து தலைவார ஒரு மேஜை செய்தாள். பழப்பெட்டிக்கு நீலச் சாயம் அடித்துச் செருப்பு ஸ்டாண்ட் ஆக்கினாள். பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். நான்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் வீட்டுச் சாமான்களை ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அதிகம் பேசமாட்டான். முகம் கோணமாட்டான். வீட்டுக்கு ஒரே பிள்ளை. "நாத்தனார் தொல்லை இல்லாத இடம். எம் பொண்ணு குடுத்து வச்சவ" என்று அவளுடைய அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பாக்கி இருந்தது சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். அதைப் பழைய கதவில் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கதவு செல்லரித்திருக்கும். இன்னொன்று வளைந்திருக்கும். சலித்துப்போய் விட்டுவிட இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை அவன் லோடு வண்டியில் ஒரு கதவைக் கொண்டுவந்து இறக்கினான்.

"எங்கங்க கெடைச்சுது?"

"நான் வேலை பாக்கற எடத்துக்குப் பக்கத்துல ஒரு வீட்ட இடிக்கிறாங்க. அங்கதான்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டி என்றைக்கோ கேட்டதை ஞாபகம் வைத்துக்கொண்டு, முதுகில் சுமந்து மூன்று மாடி ஏற்றுகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்? திங்கட்கிழமை கடைக்கு வந்து எங்களிடம் அதைத்தான் வேலை முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்ல கனமான கதவு. ஒரு பக்கம் பெரிய இரும்புத் தாழ்ப்பாள். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தாழ்ப்பாள் இல்லை, கைப்பிடிகூட இல்லை. வெறும் பலகை. "ஏதோ சாமான் போட்டுவைக்கற ரூம் கதவு போல" என்றாள். அவன் கதவைச் சுவரில் சாய்த்து வைத்தான். தாழ்ப்பாளை அழகுக்காக அப்படியே விட்டுவைக்கலாம் என்று நினைத்தாள். அவள் டீ போட்டு எடுத்துவருவதற்குள் அவன் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டான். துருப்பிடித்தது, கையைக் கிழிக்கும் என்றான். தாழ்ப்பாள் இருந்த பக்கம்தான் மேலே வரவேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தான். எதிலும் தலையிடாத மனுஷன் இதிலாவது ஆர்வம் காட்டுகிறானே என்று அவளுக்குச் சந்தோஷம்.

ஒரு வாரம் தேய்த்தாள். எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றிருபது, பிறகு இருநூற்றிருபது. பச்சைச் சாயம் போனது. அதற்கடியில் இருந்த பழுப்பும் போனது. தேன் நிறத்தில் மரம் வெளியே வந்தது. மேல்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்தால் பலகை முறுக்கிக்கொள்ளும் என்று கதவைப் புரட்டி அடிப்பக்கத்தையும் தேய்த்தாள். அங்கேதான் அந்தக் குழிகளைப் பார்த்தாள். சின்னச் சின்னக் குழிகள். விரல் மூட்டு அளவு. எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக. கதவை நிமிர்த்தி வைத்தால் அவள் இடுப்பு உயரத்துக்கு வரும். பட்டிப் பசை வைத்து அடைத்தாள். காயவிட்டு வார்னிஷ் அடித்தாள். நான்கு இரும்புக் கால்கள் மேல் ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதில் உட்கார்ந்து முதல்முறையாகச் சாப்பிட்டார்கள். அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான். ஆனால் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டான்.

திங்கட்கிழமை வீடு பெருக்கும்போது மேஜைக்கு அடியில் முப்பதுக்கும் மேல் பட்டித் துண்டுகள் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. குழியிலிருந்து முழுசாகக் கழன்று விழுந்திருந்தன. மறுபடியும் அடைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் தரையில் கிடந்தன. கடைக்குப் போகிற வழியில் பட்டி விற்றவரைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் சிரித்தார்.

"நல்ல பட்டிங்க அது. தானா விழவே விழாது. உள்ளேர்ந்து யாராச்சும் தள்ளினாத்தான் உண்டு."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார்.

அவளுக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கு முடிந்துவிடும். இரண்டு நாற்பதுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அவன் வர ஏழாகும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தலை சாய்த்திருந்தாள். மூன்று பத்து.

டொக்.

டொக்... டொக்.

எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மாடிப்படியில் ஒரு பூனைகூட இல்லை.

புதன்கிழமையும் மூன்று பத்துக்குச் சத்தம் கேட்டது. கீழ் வீட்டுக்காரிதான் எதையோ இடிக்கிறாள் என்று கோபமாக இறங்கிப்போனாள். கீழ் வீடு பூட்டியிருந்தது. பூட்டின் மேல் தூசி படிந்திருந்தது. மேலே ஏறி வரும்போது அவள் வீட்டுக்குள்ளிருந்தே அந்தச் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை மேஜை மேல் ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்று ஒன்பது. ஒன்றுமில்லை. மூன்று பத்து. தண்ணீரில் வட்டம் விழுந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு. அப்புறம்தான் சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். ஆனாலும் இது அவளுடைய வீடு. அவள் கையால் செய்த மேஜை. இதை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

வெள்ளிக்கிழமை. மூன்று எட்டு. மேஜை மேல் வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

மூன்று பத்து.

உள்ளங்கையில் தட்டியது.

கீழேயிருந்து.

குனிந்து பார்த்தாள். நான்கு இரும்புக் கால்கள். தரை. வேறொன்றும் இல்லை.

ஒரு பட்டித் துண்டு விழுந்தது.

இன்னொன்று...

இன்னொன்று...

"அண்ணி..."

சின்னக் குரல். திக்கித் திக்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையின் குரல்.

"அண்ணி... நீங்க... உள்ளயா? வெளியிலயா?"

வெளியே ஓடி வந்தவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள், ஏழு மணி வரைக்கும். செருப்புகூடப் போடவில்லை.  மனசு அந்த ஒரு வார்த்தையையே சுற்றிச் சுற்றி வந்தது. அவள் வீட்டில் எல்லோருக்கும் அவள் அக்கா. கடையில் எல்லோருக்கும் உப்புத்தாள். அண்ணி என்று கூப்பிட வேண்டுமானால் புருஷனுக்குத் தம்பியோ தங்கையோ இருக்க வேண்டும். உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட யாருமே கிடையாது.

அவன் வந்தான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். என்ன சத்தம், யார் குரல், உனக்கென்ன பைத்தியமா... எதையும் அவன் கேட்கவில்லை.

"அடிப்பக்கத்துலேர்ந்தா?" என்று கேட்டான்.

அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பேய் பயம் போய்விட்டது. வேறு பயம் வந்தது.

"உங்களுக்குத் தங்கச்சி இருந்தாளா?"

அவன் தலையைக் குனிந்தான். பிறகு சொன்னான். இருந்தாள். எட்டு வயசு. மூச்சிரைப்பு உண்டு. அவனுக்குப் பதினொன்று. ஒரு நாள் மத்தியானம், கண்ணாமூச்சி விளையாட்டு. சாமான் அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டான். தெருக்கோடியில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓடிப்போனவன் அவளை மறந்தேவிட்டான். பெரியவர்கள் வந்து திறந்தபோது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது.

"அண்ணா அண்ணான்னு கத்தியிருக்கா. நான் தெருக்கோடியில இருந்தேன். எனக்குக் கேக்கவே இல்ல."

அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"அப்ப இந்தக் கதவு?"

"அம்மா வீட்டுல கதவெல்லாம் மாத்தினாங்க. நல்ல மரம். வீணாப் போகுதேன்னு..."

நல்ல மரம். அவள் என்னிடம் இதைச் சொல்லும்போது அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.  பெண் பார்க்க வந்தபோது ஒரே பிள்ளை என்றார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் ஒரே பிள்ளை. மாமியார், மாமனார், இவன், மூன்று பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். அவள் ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையைத் தேய்த்தாள். முதுகுப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தானே, ஒரு வார்த்தை சொன்னானா? நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான் என்று தோன்றியது அவளுக்கு.

இருந்தாலும் பதினொரு வயசுப் பையன். விளையாட்டு புத்தி. மறந்துவிட்டான். இத்தனை வருஷமும் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெந்திருக்கிறான் பாவம் என்று, கடைசியில் அவளே அவனைத் தேற்றினாள். அன்று ராத்திரி இருவரும் கூடத்து விளக்கை அணைக்காமல் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேஜையைப் பிரித்துக் கொடுத்துவிடுவது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அவனுடைய பெரியம்மா வந்தாள். வெளியூர்க்காரி. மஞ்சள் காமாலையில் படுத்திருந்ததால் கல்யாணத்துக்கு வரமுடியவில்லை என்று, ஒரு போர்வையும் இரண்டு தலையணை உறையும் பரிசாகக் கொண்டுவந்திருந்தாள். கலகலப்பான மனுஷி. ஏணியைப் பார்த்துச் சிரித்தாள். பழப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். மேஜையில் உட்கார்ந்து, விளிம்போரம் தாழ்ப்பாள் இருந்த ஆணித் துளைகளைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் மேஜையைத் தூக்கிப்போக வண்டி பேசப் போயிருந்தான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"இது எங்க கெடைச்சுதும்மா?"

"எனக்குத் தெரியும் பெரியம்மா. அவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

பெரியம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். "சொல்லிட்டானா? நல்லது. மனசுல வச்சிருந்தா அரிச்சுக்கிட்டே இருக்கும்."

"பாவம் பெரியம்மா அவரு. அந்தப் பொண்ணு அண்ணா அண்ணான்னு கத்தினது கேக்காமப் போச்சேன்னு இன்னமும் அழறாரு."

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்தினாளா? யாரு சொன்னா?"

"அவருதான்."

"அந்தக் கொழந்தைக்குப் பொறந்ததுலேர்ந்தே பேச்சு வராதேம்மா."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தத் திக்கித் திக்கி வந்த குரல் ஞாபகம் வந்தது; செத்த பிறகுதான் பேசப் படித்தாளா?

"ஒரு வார்த்தை வராது. எது வேணும்னாலும் தட்டித்தான் கூப்பிடும். தட்டு, சொவரு, கதவு, எதையாச்சும். அவனுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது."

 கேட்கக்கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"அவரு அப்ப தெருக்கோடியிலதான இருந்தாரு?"

 பெரியம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மூணரைக்கு நான்தான் மொதல்ல வீட்டுக்குள்ள போனேன். அவன் அந்தக் கதவுல முதுகு சாஞ்சு உக்காந்துக்கிட்டிருந்தான். என்னடா பண்றன்னு கேட்டேன். 'ரொம்ப நேரமாத் தட்டிக்கிட்டே இருந்தா பெரியம்மா... இப்பதான் நிறுத்தினா'ன்னான்."